பாவடியில் இடம் கொடுத்தவர்களுக்கு

சேலம் அம்மாபேட்டைத் தெருக்காரர்கள் எல்லாருக்கும் வணக்கமுங்க.

ஆடித் திருவிழாவில் நம் மாரியம்மன் வாசலில் பறை அடித்து முடித்ததும் மைக்கை என் கையில் கொடுத்தார்கள். தொண்டை அடைத்துக்கொண்டது, ஒரு வார்த்தை வரவில்லை. அன்றைக்குச் சொல்லாமல் விட்டதை இப்போது எழுதுகிறேன்.

முதலில் பாவடிப் பெரியவர்களுக்கு. ஒரு காலத்தில் விடியற்காலையில் தறிக்கான பாவு நூலை நீட்டிக் கஞ்சி போட்ட இடம் அது. கைத்தறி குறைந்து வெட்டவெளியானதும், ஞாயிறு சாயங்காலம் நம் பிள்ளைகள் பறை பழகட்டும் என்று விட்டீர்கள். அதற்கு முன்பு ஒரு மண்டபத்தில் கேட்டோம். "சாவு மேளமெல்லாம் இங்கே வேண்டாம்" என்றார்கள். எங்களுக்குப் பறை சொல்லித் தரும் ஆசானும் பக்கத்தில்தான் நின்றிருந்தார்.

ஆசானைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். நாற்பது வருடம் இழவு வீட்டு வாசலில் நின்றே அடித்தவர். உட்காரச் சொன்னவர்கள் குறைவு. பாவடியில் அவருக்கென்று ஒரு நாற்காலி போட்டது பெட்டிக்கடை அக்கா. இப்போது நெசவுக்காரர் பிள்ளை, வெள்ளிப்பட்டறைக்காரர் பிள்ளை எல்லாம் அவர் காலைத் தொட்டுவிட்டுத்தான் குச்சியை எடுக்கிறார்கள். இடது கையில் சுண்டுகுச்சி, வலது கையில் அடிகுச்சி. எனக்கு இரண்டு மாதம் ஒத்தையடி தவிர வேறெதுவும் சொல்லித் தரவில்லை. முப்பத்தாறு வயதில், புருஷன் வீட்டுத் தெருவிலேயே தப்புத் தப்பாக அடித்தேன். ஒருவர்கூடச் சிரிக்கவில்லை. கூலி வாங்கிப் போகிற இடத்தில் தப்பாக அடிக்க முடியாது, பாவடியில் முடிந்தது.

டீக்கடை அண்ணா, திருவிழா அன்று தூறல் போட்டதும் தோலெல்லாம் தொய்ந்துபோனது. கன்றுத்தோல் ஈரம் பட்டால் சத்தம் மண்ணாகிவிடும். வியாபார நேரத்தில் கடைக்குப் பின்னால் தென்னம்பாளை, வைக்கோல் எல்லாம் போட்டுத் தீ மூட்டிக் கொடுத்தீர்கள். பதினோரு பறையும் காய்ந்து, விரலால் சுண்டினால் 'கிண்'ணென்றது. அந்தத் தீ இல்லையென்றால் அன்றைக்கு ஆட்டமே இல்லை அண்ணா.

2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தபோது பங்குனித் திருவிழாக்கள் தொடங்குகிற நேரம். பங்குனியிலிருந்து ஆடி வரைக்கும் கிடைப்பதை வைத்துத்தான் பம்பைக்காரர், உறுமிக்காரர் வீடுகளில் மீதி வருடம் ஓடும். அதைக் கேட்காமலே புரிந்துகொண்டு வீட்டுக்கு வீடு அரிசி பிரித்துக் கொடுத்த தெரு இது. அன்று அரிசி வாங்கிய ஒரு பம்பைக்கார அண்ணன்தான் இன்றைக்குச் சனிக்கிழமைகளில் காசு வாங்காமல் பம்பை சொல்லித் தருகிறார்.

ஏற்காட்டுக்கு இருபது கொண்டை ஊசி வளைவிலும் பறைகளை மடியில் வைத்துக்கொண்டு வந்த பேருந்துப் பயணிகளுக்கும், மே மாதம் சேர்வராயன் கோயில் திருவிழாவில் எங்களைக் கூட்டத்தோடு சேர்த்து ஆடவிட்டுக் களி போட்ட மலைக்காரர்களுக்கும் நன்றி. உங்கள் ஆட்டத்தின் நடைக்கு எங்கள் அடி இன்னும் சரியாகச் சேரவில்லை. அடுத்த வருடம் வருவதற்குள் பழகிவிடுகிறோம்.

சைக்கிள் கடைத் தம்பி வாங்கிக் கொடுத்த பறையில் இரண்டு இன்னும் ஆளில்லாமல் சுவரில் தொங்குகிறது. ஞாயிறு சாயங்காலம் 5 மணிக்குப் பாவடியில் இருப்போம். பெண்பிள்ளைகளையும் அனுப்புங்கள்.