பொலோனியாவில் படிக்கும் மகளுக்கு

அன்பு மகளுக்கு,

"இது என் ஊர் மாதிரியே இல்லம்மா, வகுப்பு விட்டா ரூமுதான்" என்று நேற்று சொன்னாய். அதுவே மனதில் ஓடிக்கொண்டிருக்கிறது. போனில் பேசினால் பேச்சு எங்கெங்கோ போய்விடும், அதனால் எழுதுகிறேன். நீ இருக்கும் இத்தாலியின் பொலோனியா, வெளியூர்ப் பிள்ளைகளுக்கு இடம் கொடுத்துக் கொடுத்தே வளர்ந்த ஊர். அங்கே உனக்கு அந்நியம் என்ற எண்ணமே வேண்டாம்.

நீ தினமும் நடக்கிற போர்ட்டிகோக்களையே, அதாவது மாடிக்குக் கீழே தூண்கள் நிற்கும் அந்த நடைபாதைகளையே எடுத்துக்கொள். பல்கலைக்கழகம் 1088இல் தொடங்கியதாகச் சொல்வார்கள். சட்டம் படிக்க ஐரோப்பா முழுவதிலுமிருந்து ஆட்கள் வந்து குவிந்ததில், தங்க இடம் போதவில்லை. வீட்டுக்காரர்கள் மாடியைத் தெருப்பக்கம் நீட்டிக் கட்டி, கீழே மரத்தூண்களை நிறுத்தினார்கள். தெருவை அடைக்கிறது என்று இடிக்கச் சொல்லியிருக்கலாம். ஆனால் நகரம் 1288இல் போட்ட சட்டம், புது வீடு கட்டினால் போர்ட்டிகோ வைத்தே ஆகவேண்டும் என்றது. இடம் வீட்டுக்காரருடையது, பராமரிப்பும் அவர் பொறுப்பு, நடக்கிற உரிமை மட்டும் எல்லோருக்கும். வழிப்போக்கருக்கு விட்ட திண்ணை போல என்று வைத்துக்கொள். இன்று அவை மொத்தம் சுமார் 62 கிலோமீட்டர். 2021இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலிலும் சேர்த்துவிட்டார்கள்.

ஸ்ட்ராடா மஜ்ஜோரே தெருவில் காசா இசொலானி என்ற வீடு இருக்கிறது. 13ஆம் நூற்றாண்டுக் கட்டடம். பின்னாளில் ஊரில் பெரும்பாலும் செங்கல்லுக்கும் கல்லுக்கும் மாறிவிட்டார்கள், இங்கே இன்னும் அந்தப் பழைய மரத்தூண்கள் நெடுநெடுவென்று நிற்கின்றன. நான் வந்திருந்தபோது ஒன்றைத் தொட்டுப் பார்த்தேன். வெயிலும் பனியும் குடித்து மரம் வரிவரியாக வெடித்திருக்கிறது, ஆனாலும் மாடியைத் தாங்குகிறது.

அந்தக் காலத்து மாணவர்கள் நிலைமை உன்னுடையதைவிட மோசம். வெளிநாட்டவருக்கு ஊரில் உரிமை கிடையாது. தன் நாட்டுக்காரன் எவனோ வாங்கிய கடனுக்கு இவனைப் பிடித்து வசூலிப்பார்கள். அது கூடாது என்று 12ஆம் நூற்றாண்டில் பேரரசர் பிரெடெரிக் பார்பரோசா ஆணை போட வேண்டியிருந்தது. மாணவர்களும் நாடுவாரியாகச் சங்கம் சேர்ந்தார்கள். ஆசிரியருக்குச் சம்பளம் கொடுத்ததும், ஒழுங்காகப் பாடம் நடத்தாவிட்டால் அபராதம் போட்டதும் அவர்கள்தான்! பல்கலைக்கழகத்தின் பழைய கட்டடமான ஆர்க்கிஜின்னாசியோ போனால் சுவர், கூரை எங்கும் ஆயிரக்கணக்கில் மாணவர்களின் குலச்சின்னங்கள் இருக்கும். பலவும் உன்னைப் போல எங்கிருந்தோ வந்தவர்களுடையவை. அங்கேயே மரத்தால் ஆன உடற்கூறியல் அரங்கத்தையும் பார். 1944 குண்டுவீச்சில் நொறுங்கியதை, இடிபாட்டில் கிடைத்த மரச்சிற்பங்களைப் பொறுக்கி வைத்து மறுபடி கட்டியிருக்கிறார்கள். இதே ஊரில்தான் 1732இல் லாரா பஸ்ஸி என்ற பெண் டாக்டர் பட்டம் வாங்கி, பேராசிரியராகவும் ஆனாள். வயது இருபதை ஒட்டித்தான்.

சரி, சாப்பாடு. ரொட்டியும் நூடுல்ஸுமாக ஓட்டுகிறாய் என்று தெரியும். பழைய சந்தைப் பகுதியான குவாத்ரிலாத்தெரோ சந்துகளுக்குப் போ. புது பாஸ்தா விற்கும் கடைகளில் பெண்கள் முட்டையும் மாவும் பிசைந்து, நீளமான கட்டையால் பலகை முழுக்கத் தேய்ப்பார்கள். அதைச் சின்னச் சதுரங்களாக வெட்டி, நடுவில் துளி பூரணம் வைத்து, முக்கோணமாக மடித்து, விரலைச் சுற்றி முனைகளை ஒட்டினால் தோர்த்தெல்லினி. பூரணத்தில் பன்றி இறைச்சி, மொர்த்தாதெல்லா என்ற பன்றி சாசேஜ், பார்மிஜானோ சீஸ், கொஞ்சம் ஜாதிக்காய். அதைச் சூடான இறைச்சிச் சாறில் போட்டுத்தான் சாப்பிட வேண்டும், குளிருக்கு அதுதான் மருந்து. ஊர் பேரைச் சொல்லி உலகமெல்லாம் விற்கும் 'ஸ்பகெட்டி பொலோனீஸ்' கேட்காதே. அங்கே ராகு என்ற கறிக்குழம்பு சேர்வது தாலியாத்தெல்லே என்ற பட்டை பாஸ்தாவுடன். வெங்காயம், கேரட், செலரியை வதக்கி, கறி போட்டு, ஒயின் ஊற்றி, தக்காளியைக் குறைவாகவே சேர்த்து, மணிக்கணக்கில் சிறு தீயில் வேகவிடுவார்கள். அந்தப் பக்குவத்தை 1982இல் வணிகச் சபையில் பதிவே செய்து வைத்தார்கள். சமையலை அவ்வளவு மதிக்கிற ஊரில் நீ பாக்கெட்டைப் பிரித்துச் சாப்பிடுவது எனக்குத் தாங்கவில்லை.

இந்த ஞாயிறு சான் லூக்கா ஏறிவிட்டு வா. ஊரிலிருந்து மலைமேல் இருக்கும் அந்தத் தேவாலயம்வரை கிட்டத்தட்ட 4 கிலோமீட்டர், வழி முழுக்கப் போர்ட்டிகோ, தூண்களுக்கிடையே 666 தோரண வளைவுகள், மழை பெய்தாலும் நனையாமல் போகலாம். கடைசிப் பாதி நல்ல ஏற்றம், தண்ணீர் எடுத்துக்கொள். உன் வகுப்பில் இரானிலிருந்து வந்த பெண் ஒருத்தி இருக்கிறாள் என்றாயே, அவளையும் கூப்பிடு. இறங்கி வந்ததும் இருவரும் தோர்த்தெல்லினி சாப்பிடுங்கள். அவளுக்குப் பன்றி ஆகாதென்றால் ரிக்கோத்தா சீஸ் வைத்த, கொஞ்சம் பெரிய தோர்த்தெல்லோனி கேளுங்கள். செலவுக்குப் பணம் போட்டிருக்கிறேன்.

அன்புடன்,
அம்மா