பெரும்பாக்கத்துக்கு அடுத்த லாரி புறப்படும் முன்

தமிழ்நாடு நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரிய அதிகாரிகளுக்கும் காவல்துறை அதிகாரிகளுக்கும் வணக்கம்.

சென்னைக் குடிசைப் பகுதிகளிலிருந்து அகற்றப்பட்ட குடும்பங்களை வாரியம் குடியமர்த்தும் கண்ணகி நகர், பெரும்பாக்கம் என்றாலே "கேஸ் அதிகம் உள்ள ஏரியா" என்ற பேச்சு நிலைத்துவிட்டது. அந்த முகவரியைச் சொன்னால் வேலையும் கிடைப்பதில்லை, கடனும் கிடைப்பதில்லை. வேலை கிடைக்காத இளைஞனைத் தேடிக் கஞ்சா விற்பவன் வருகிறான். இந்தச் சுழல் தொடங்குவது ஸ்டேஷனில் அல்ல, மக்களை இடம் மாற்றும் நாளில்தான்.

மயிலாப்பூரில் நான்கு வீடுகளில் வேலை செய்த பெண், ஏறக்குறைய 20 கிலோமீட்டர் தள்ளி எட்டு மாடிக் கட்டடத்துக்குப் போனால் இரண்டு வீடுகளையாவது விட்டுவிட வேண்டும். 2021இல் பெண்களுக்கு வந்த கட்டணமில்லா பஸ் பயணம் காசை மிச்சப்படுத்துகிறது, நேரத்தை அல்ல. விடியுமுன் கிளம்பி இருட்டிய பிறகு திரும்பும் தாயின் பிள்ளையை முன்பு பக்கத்து வீட்டு அக்கா பார்த்துக்கொண்டார். குலுக்கலில் வீடு ஒதுக்கினால் அந்த அக்கா வேறு பிளாக்குக்குப் போய்விடுகிறார். 2015 வெள்ளத்துக்குப் பிறகு நடந்ததுபோல் படிப்பாண்டின் நடுவில் குடும்பங்களை நகர்த்தினால், எட்டாம், ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் பழைய பள்ளிக்கும் போகாமல் புதிய பள்ளியிலும் சேராமல் நின்றுவிடுகிறார்கள். பூட்டிக் கிடக்கும் வீடுகளும் எரியாத மாடிப்படி விளக்குகளும் அவர்களுக்காகக் காத்திருக்கின்றன.

வழக்கு எண்ணிக்கையையும் கொஞ்சம் பிரித்துப் பாருங்கள். இருசக்கர வாகனத் திருட்டு பெரும்பாலும் பதிவாகும், காப்பீட்டுக்கு எஃப்.ஐ.ஆர். வேண்டுமே. கஞ்சா வழக்கு அப்படியல்ல. போலீஸ் எங்கே சோதனை போடுகிறதோ அங்கேதான் அது பதிவாகும். இனிக் குற்றம் செய்யமாட்டேன் என்று முன்னெச்சரிக்கையாக உறுதி எழுதி வாங்கும் நன்னடத்தைப் பிணை வழக்குகளும் (பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் பிரிவு 110, இப்போது அதற்குப் பதிலாக வந்த பி.என்.எஸ்.எஸ். சட்டத்தில் 129) புகாரால் வருபவை அல்ல. போதாக்குறைக்கு, குற்ற விகிதம் என்பது லட்சம் பேருக்கு இத்தனை வழக்கு என்ற கணக்கு. பெரும்பாக்கத்தில் பெரும்பாலோர் குடியேறியது 2011 கணக்கெடுப்புக்குப் பிறகு. பழைய மக்கள்தொகையால் வகுத்தால் விகிதம் தானாகவே ஊதும். குற்றமே இல்லை என்று நாங்கள் சொல்லவில்லை. அங்கே அடி வாங்குவதும் பறிகொடுப்பதும் முதலில் அங்கு வாழ்பவர்கள்தான்.

ஆகவே, இடமாற்றத்தைக் கோடை விடுமுறையில் மட்டும் செய்யுங்கள். லாரி வருவதற்கு முன்பே பள்ளிச் சேர்க்கை முடிந்திருக்க வேண்டும். ஒரே தெருவில் இருந்தவர்களுக்கு ஒரே பிளாக்கில் வீடு கொடுங்கள். முதல் பஸ் காலை நாலரைக்குப் புறப்படட்டும், அங்கன்வாடி மாலை ஏழு வரை திறந்திருக்கட்டும். இவற்றில் எதையாவது தள்ளிப்போட்டே ஆக வேண்டுமென்றால் பஸ்ஸையும் பள்ளியையும் மட்டும் தள்ளிப்போடாதீர்கள்.

காவல்துறையிடம் கேட்பது ஒன்றுதான்: புகாரின் பேரில் பதிவான வழக்குகளையும் சோதனையிலும் முன்னெச்சரிக்கையாகவும் போட்ட வழக்குகளையும் ஸ்டேஷன்வாரியாகத் தனித்தனியே வெளியிடுங்கள்.