பிள்ளைகள் தம் கையால் செய்து பார்க்கட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மொரீஷியஸில் ஏழாம் வகுப்பு முதல் ஒன்பதாம் வகுப்பு வரை படிக்கும் பிள்ளைகளின் அறிவியல் பாடத்தில் செய்முறைக்கு உரிய நேரம் ஒதுக்கப்படுவதில்லை என்பதைத் தங்கள் இதழின் வாயிலாகத் தெரிவிக்க விரும்புகிறேன். 2017இல் ஒன்பதாண்டு அடிப்படைக் கல்வி முறை வந்த பிறகும், அதன் முடிவில் எழுதும் தேசியக் கல்விச் சான்றிதழ்த் தேர்வே குறியாகிவிட்டதால், பள்ளி விட்டதும் டியூஷனுக்கு ஓடும் பிள்ளைகள் அமிலம், காரம் ஆகியவற்றின் இலக்கணத்தை அட்சரம் பிசகாமல் ஒப்பிக்கிறார்கள். எலுமிச்சைச் சாற்றையும் சோப்புத் தண்ணீரையும் எதிரில் வைத்து, எது அமிலம் என்று கண்டுபிடிக்கச் சொன்னால் விழிக்கிறார்கள்.

கருவிகள் இல்லை என்ற சமாதானத்தை நான் ஏற்கவில்லை. மஞ்சள் நீரில் சுண்ணாம்பு சேர்த்து ஆரத்தி கரைக்கும் வழக்கம் நம் வீடுகளில் இன்னும் இருக்கிறது; மஞ்சளிலுள்ள குர்குமின் காரத்தில் நிறம் மாறுவதால்தான் அந்த நீர் சிவக்கிறது. மஞ்சளைக் குழைத்து வெள்ளைத் தாளில் தடவி, நிழலில் உலர்த்தி நறுக்கினால் ஒரு வகுப்புக்கே போதுமான சோதனைத் தாள் கிடைத்துவிடும். சோப்புத் தண்ணீர் பட்ட இடம் செங்காவி நிறமாகும். அதன் மேலேயே எலுமிச்சைச் சாறு விட்டால் மீண்டும் மஞ்சளாகும். (சுண்ணாம்பு கண்ணில் பட்டால் ஆபத்து, அதை மட்டும் பெரியவர்கள் கரைத்துக் கொடுக்க வேண்டும்.) ஆனால் வினிகருக்கும் வெறும் தண்ணீருக்கும் இந்தத் தாள் எந்த வேறுபாடும் காட்டாது. ஏன் காட்டவில்லை என்று ஒரு மாணவி கேட்கும்போதுதான் பாடமே தொடங்குகிறது. அமிலத்தில் சிவந்தும் காரத்தில் பச்சையாகவும் மாறும் செம்பருத்திப் பூச் சாற்றை அவள் கையில் கொடுக்க வேண்டிய நேரமும் அதுவே.

இன்னொன்றுக்குக் குச்சியும் கடிகாரமும் போதும். நம் தீவு தெற்கே 20 பாகை அட்சரேகையை ஒட்டி இருப்பதால், ஆண்டுக்கு இருமுறை சூரியன் நேர் உச்சிக்கு வந்து, நட்ட குச்சியின் நிழல் மறைகிறது. அவற்றுள் ஒன்று ஜனவரி 20ஆம் தேதியை ஒட்டி வருகிறது. அது புயல் மாதம், மேகம் வழிவிட வேண்டும் என்பது வேறு விஷயம். நிழல் மறைவது பன்னிரண்டு மணிக்கு அல்ல, ஏறத்தாழ 12.20க்கு என்பதைக் குறித்துக்கொண்ட பிள்ளை, அதற்கான காரணத்தைத் தானே தேடிப் போகும்.

பெல் வில்லேஜில் உள்ள ராஜீவ் காந்தி அறிவியல் மையத்துக்கு மாணவர்களை அழைத்துச் செல்வது நல்லதே. ஆயினும் ஒரு நாள் சுற்றுலா வகுப்பறைச் செய்முறைக்கு ஈடாகாது. ஆசிரியர் மேசையில் செய்து காட்ட, பின்வரிசைப் பிள்ளைகள் எட்டிப் பார்த்துவிட்டு, பலகையில் எழுதப்பட்ட முடிவை நோட்டில் இறக்கிக்கொள்வதையும் செய்முறை என்று கொள்ள முடியாது. இதில் ஆசிரியர்களை மட்டும் குறை சொல்வது நியாயமன்று. பாடத்தை முடிக்கும் அவசரத்தில் அவர்களுக்கு வேறு வழியில்லை. இரு வாரங்களுக்கு ஒருமுறையாவது அடுத்தடுத்த இரண்டு பாடவேளைகளைச் செய்முறைக்கே ஒதுக்கி, என்ன நடக்கும் என்று மாணவர் முன்கூட்டியே எழுதிய ஊகம் தவறாகப் போனாலும், உண்மையில் கண்டதை எழுதிய குறிப்புக்கு மதிப்பெண் தர வேண்டும் என்று கல்வி அமைச்சைக் கேட்டுக்கொள்கிறேன்.

பெற்றோர்களும் பள்ளிக் கூட்டங்களில் மதிப்பெண்ணை விசாரிப்பதோடு நிறுத்திக்கொள்ளாமல், இந்தப் பருவத்தில் தம் பிள்ளை தன் கையால் செய்த சோதனை எது என்று கேட்டு, அதன் குறிப்பையும் வாங்கிப் பார்க்க வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற அறிவியல் ஆசிரியை ஒருவர்,
ரோஸ்ஹில்