பத்து வட்டியும் பரிசுத்தவான்களும்

அன்பு தேவா,

ஸ்தோத்திரம். இங்கே எல்லாரும் சுகம். நம்ம 'இன்னொரு சரணம்' அண்ணன் இன்னும் அதே சுருதியில்தான் பாடுகிறார், கவலைப்படாதே.

விஷயத்துக்கு வருகிறேன். போன வாரம் குடியாத்தம் - வேலூர் ரோட்டில் பெண்கள் மறியல் செய்தார்கள். எல்லாரும் பீடி சுற்றுகிறவர்கள், பாதிப் பேர் நம் சபை. காரணம் குழுக் கடன். ஒருத்தி தவணை கட்டாவிட்டால் மற்றவர்கள் சேர்ந்து கட்ட வேண்டுமே, அதனால் வசூல்காரன் வாசலில் உட்கார்ந்தால் பக்கத்து வீட்டுக்காரிகளே அவளைத் திட்டுகிறார்கள். மானத்துக்குப் பயந்து பத்து வட்டிக்கு வாங்கிக் கட்டுகிறாள். அடுத்த தவணைக்கு வேறொரு வட்டிக்காரர்.

சபை என்ன செய்தது? ஆளுக்கு ஐந்து கிலோ அரிசி, ஒரு ஜெபம், ஒரு பேனர். அரிசியைக் குறை சொல்ல மாட்டேன், அன்றைக்கு அடுப்பு எரிந்தது. ஆனால் கமிட்டியில் ஒருவர், "வேலூர் சி.எம்.சி. ஆஸ்பத்திரியைத் தொடங்கின ஐடா ஸ்கடர் அம்மையார் இதே ரோட்டில் மரத்தடியில் நின்று மருந்து கொடுத்தார்களே, அவர்கள் வழியில் நாமும்..." என்று ஆரம்பித்தாரே, எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அந்த அம்மாள் மருந்தோடு நிற்கவில்லை, 1918இல் பெண்களுக்கு மருத்துவப் பள்ளியே தொடங்கினார். நாம் பேனரோடு சரி.

"ஜனங்கள் ரோட்டில் கத்துவது விசுவாசிக்கு அழகா?" என்று வேறு கேட்டார்கள். வேதத்தில் நெகேமியா ஐந்தாம் அதிகாரத்தை எடுத்து வாசித்தேன். நிலத்தை அடகு வைத்து, பிள்ளைகளை அடிமையாக்கி, சொந்தச் சகோதரர்கள் மேலேயே ஜனங்கள் கூக்குரலிடுகிறார்கள். அதைக் கேட்டு யூதாவின் அதிபதியான நெகேமியாவுக்குக் கோபம் வருகிறது, கூக்குரலிட்டவர்கள் மேல் அல்ல. கடன் கொடுத்த பெரிய மனிதர்களைச் சபை கூட்டி நிறுத்தி, நிலத்தையும் வட்டியையும் திருப்பிக் கொடுங்கள் என்கிறார். 'நானும் கடன் கொடுத்தவன்தான்' என்று தன்னையும் சேர்த்துக்கொள்கிறார் பார், அந்த இடம் என்னை விடவே மாட்டேன் என்கிறது. அங்கே வட்டி நூற்றுக்கு ஒன்று. இங்கே மாதம் நூற்றுக்குப் பத்து!

அந்தப் பெரிய மனிதர்கள் பதில் சொல்ல முடியாமல் மௌனமாயிருந்தார்கள் என்று வேதத்தில் இருக்கிறது. நம் கமிட்டியிலும் அப்படியே. பத்து வட்டிக்கு விடுகிறவர்களில் ரெண்டு பேர் அந்த மேஜையில்தான் உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் காணிக்கைப் பை எடுக்கிறவர். ஆயர் கடிகாரத்தைப் பார்த்து முடிவு ஜெபம் சொல்லிவிட்டார்.

நீ பேங்கில் கடன் பிரிவிலேயே நரைத்தவன், அதனால் கேட்கிறேன். அறுப்பின் பண்டிகையில் ஒரு தேங்காயை ஆயிரக்கணக்கில் ஏலம் எடுக்கிறோமே, அந்தப் பணத்தை வைத்து முதலில் இவர்களுடைய பத்து வட்டிக் கடனை அடைத்துவிட்டு, சபைக்கு மெதுவாகத் திருப்பிக் கட்டச் சொன்னால் கணக்கு நிற்குமா? 2003ஆம் வருஷத்துக் கந்துவட்டித் தடைச் சட்டத்தில் புகார் கொடுத்தால் வாங்கினவளுக்கு என்ன பாதுகாப்பு? அடுத்த கமிட்டிக்குள் ரெண்டு பக்கம் எழுதி அனுப்பு. உன் கையெழுத்து இங்கே யாருக்கும் புரியாது, டைப் அடித்தே அனுப்பு.

உன்,
ஜான்சன்