பிரவுன் பம்பை நிறுத்தாதே

அன்பு மகளுக்கு,

ஞாயிற்றுக்கிழமை போனில் நீ சொன்னதை உன் அம்மா சிரித்துக்கொண்டே கேட்டுவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். என்னால் அப்படி விட முடியவில்லை. "வீசிங் இருக்கிறவங்களைக் கொரோனா பெரிசா ஒண்ணும் செய்யாதாம்ப்பா. எனக்கு இறால் அலர்ஜி வேற இருக்கு, டபுள் பாதுகாப்பு" என்றாய். பேச்சோடு பேச்சாக, தினமும் இழுக்க வேண்டிய ஸ்டீராய்டு மருந்தான பிரவுன் பம்பை நிறுத்திவிட்டதையும் சொன்னாய். கிளாஸ்கோவில் ஆபீஸ் பாதிப்பேர் இருமிக்கொண்டிருக்கிறார்கள் என்றும் நீயே சொல்கிறாய். என்ன கணக்கம்மா இது?

நீ படித்தது முழுப் பொய்யாக இருந்தால் ஒரு வரியில் முடித்திருப்பேன். 2020 தொடக்கத்தில் வூஹானில் ஆஸ்பத்திரியில் சேர்ந்த 140 பேரை விசாரித்தபோது, ஒருவர்கூடத் தனக்கு ஆஸ்துமா என்று சொல்லவில்லை. ஆஸ்துமாக்காரர்களைத்தான் இது முதலில் சாய்க்கும் என்று உலகமே பயந்திருந்த நேரம் அது. அப்புறம் அதற்கு ஒரு காரணமும் சொன்னார்கள். இந்த வைரஸ் செல்லுக்குள் நுழைய ஏசிஇ2 என்கிற புரதத்தைப் பற்றிக்கொள்ள வேண்டும். அலர்ஜியால் ஆஸ்துமா வந்தவர்களின் மூச்சுக்குழாய் செல்களில் அந்தப் புரதம் குறைவாக இருக்கிறதாம். உனக்கு இருப்பதும் அந்த வகைதான், சரி.

இறால் கதைக்கும் ஓர் ஆதாரம் உண்டு. அமெரிக்காவில் 1,394 குடும்பங்களைத் தொடர்ந்து கவனித்ததில், உணவு அலர்ஜி உள்ளவர்களுக்குத் தொற்று ஏறக்குறைய பாதிதான் வந்தது. அதே ஆய்வில் ஆஸ்துமா தொற்றைக் கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. அதை யாரும் உனக்கு அனுப்பவில்லை போலிருக்கிறது. அதோடு, தொற்று வருமா என்பது ஒரு கேள்வி, வந்தபின் ஆக்சிஜன் வைக்கிற அளவுக்குப் போகுமா என்பது வேறு கேள்வி.

இரண்டாவது கேள்விக்கு நீ இருக்கிற ஸ்காட்லாந்திலேயே பதில் இருக்கிறது. சுமார் 44 லட்சம் பெரியவர்களின் மருத்துவப் பதிவுகளைப் பார்த்தார்கள். அதில் 5 லட்சத்துக்கும் மேல் ஆஸ்துமா உள்ளவர்கள். முந்தைய 2 ஆண்டுகளில் ஆஸ்துமாவுக்காக ஆஸ்பத்திரியில் படுத்தவர்களும், பிரெட்னிசலோன் என்கிற ஸ்டீராய்டு மாத்திரையைத் திரும்பத் திரும்பச் சாப்பிட்டவர்களும்தான் கொரோனா வந்தபோதும் அதிகமாக ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். கோர்ஸ் கூடக் கூட ஆபத்தும் கூடியது. அது தடுப்பூசி அப்போதுதான் வந்துகொண்டிருந்த காலம்; இன்று எல்லோருக்குமே ஆபத்து குறைந்திருக்கிறது. ஆனாலும் யாருக்கு அதிகம், யாருக்குக் குறைவு என்பது தலைகீழாகிவிட்டதாக நான் நினைக்கவில்லை. நீ போன குளிர்காலத்தில் ஒரு கோர்ஸ் சாப்பிட்டாய், மார்ச்சில் இன்னொன்று. "எனக்கு லேசான வீசிங்தான்" என்று இனி சொல்லாதே.

ஸ்டீராய்டு எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் என்றுதானே நிறுத்தினாய்? மெடிக்கல் ஷாப்பில் உட்கார்ந்திருந்த காலம் முழுக்க இந்தக் கேள்விக்குப் பதில் சொன்னவன் நான். உன் பிரவுன் பம்பில் ஒரு பஃப் 100 மைக்ரோகிராம். காலையில் ஒன்று, ராத்திரி ஒன்று என்றால் 200. அதை விட்டுவிட்டு மூச்சு முட்டி ஓடினால் டாக்டர் தரும் அந்த ஸ்டீராய்டு மாத்திரை ஒரு நாளைக்கு 40 மில்லிகிராம். அதாவது 40,000 மைக்ரோகிராம், எடையில் 200 மடங்கு, அதுவும் உடம்பு முழுக்கப் போகும். கொஞ்சத்துக்குப் பயந்து நிறையத்தில் போய் விழுகிறாய். 2021-ல் ஆக்ஸ்ஃபோர்டில், உன் பிரவுன் பம்பில் இருக்கிற அதே வகை மருந்தான பியூடசோனைடை, ஆஸ்பத்திரிக்குப் போகாமல் வீட்டிலிருந்த கொரோனா நோயாளிகளுக்கு இழுக்கக் கொடுத்துப் பார்த்தார்கள். வயதானவர்கள், வேறு நோய் உள்ளவர்கள். சுமார் 3 நாள் முன்னதாகவே தேறினார்கள். இதைக் கொரோனா மருந்து என்று எடுத்துக்கொள்ளாதே; கெடுதல் செய்யும் என்ற பயத்துக்குப் பதிலாகச் சொல்கிறேன்.

மூச்சு முட்டும்போது நீ இழுக்கிற நீல பம்ப், மூச்சுக்குழாயை விரித்துத்தான் விடும், உள்ளே இருக்கிற வீக்கத்தை ஆற்றாது. வீடியோவில் நீ காட்டிய பிரவுன் பம்பின் முதுகில், மீதி பஃப்பைக் காட்டும் கவுண்டர் 176 என்று நிற்கிறது, 200-ல் தொடங்கியது. வாங்கி எத்தனை மாதமாகிறது என்று நீயே பார். குலுக்கு, மூச்சை முழுக்க வெளியே விடு, பம்பை ஸ்பேசரில், அதாவது அந்தப் பிளாஸ்டிக் குடுவையில், வைத்து மெதுவாக இழு, பத்து எண்ணும்வரை பிடித்துக்கொள். முடிந்ததும் வாய் கொப்பளி, இல்லாவிட்டால் நாக்கில் வெள்ளை படியும்.

ஏப்ரலில் பிர்ச் மரத்து மகரந்தம் கிளம்பியதும் உனக்குத் தும்மல் தொடங்கிவிடும். கண் அரித்தால் பெரும்பாலும் அலர்ஜி, காய்ச்சலும் உடம்புவலியும் சேர்ந்தால் வேறு. அப்போது "பூந்தூள்தான்" என்று நீயே முடிவு கட்டாமல் கொரோனா டெஸ்ட் எடுத்துப் பார்.

உன் ஆஸ்துமா எப்படி இருக்கிறது என்று பார்க்கிற ரிவியூவுக்குக் கூப்பிட்டு வந்த கடிதத்தை ஃப்ரிட்ஜ் மேலேயே வைத்திருக்கிறாயாமே, மாப்பிள்ளை சொன்னார். இந்த வாரமே தேதி வாங்கு. இரண்டு பம்பையும் ஸ்பேசரையும் கையோடு எடுத்துக்கொண்டு போ. மாத்திரை கோர்ஸ் எத்தனை என்று நர்ஸ் கேட்டால் இரண்டையும் சொல். மூச்சு மோசமானால் என்ன செய்ய வேண்டும் என்று எழுதிக் கொடுக்கச் சொல்லி வாங்கு, அதைப் போட்டோ எடுத்து எனக்கு அனுப்பு.

அன்புடன்,
அப்பா