பாங்கன்மார் ஆண்டு: பழைய தொலைக்காட்சி வட்டத்தின் 2024 ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழுவினரே, உறுப்பினர்களே, உடன் வந்திருக்கும் பேரப்பிள்ளைகளே, அனைவருக்கும் வணக்கம்.

டெட்ராய்ட் புறநகரில் வாழும் நாம் மாதம் ஒரு சனிக்கிழமை நூலக அறையில் கூடி, பழைய அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடர்களைப் பார்த்துப் பேசும் இந்த வட்டத்துக்கு இது 6ஆவது ஆண்டு. உறுப்பினர் எண்ணிக்கை 31. திட்டமிட்ட 12 கூட்டங்களில் 10 நடந்தன. ஜனவரிக் கூட்டத்தைப் பனிப்புயல் நிறுத்தியது. ஆகஸ்ட் கூட்டம் நடக்காததன் காரணத்தைக் கணக்கு வரும் இடத்தில் சொல்கிறேன்.

இந்த ஆண்டு நாயகனுக்குப் பக்கத்தில் நிற்பவர்களை மட்டும் பார்ப்பது என்று முடிவெடுத்திருந்தோம். அவர்களைத் தமிழில் எப்படி அழைப்பது என்பதிலேயே பிப்ரவரிக் கூட்டத்தின் பாதி போனது. எடுபிடி என்றார் ஒருவர். கூட்டாளி என்றார் இன்னொருவர். தமிழாசிரியையாக இருந்து ஓய்வுபெற்ற நம் துணைத்தலைவர் அம்மாதான் அதை முடித்துவைத்தார். அகப்பாடல்களில் தலைவனுக்குப் பாங்கன், தலைவிக்குத் தோழி. மனத்தில் இருப்பதைச் சொல்ல ஓர் ஆள் வேண்டும், அந்த ஆள்தான் பாங்கன் என்றார். அன்றிலிருந்து நமக்கு அதுவே பெயர்.

அவர் சொன்னது எவ்வளவு பொருத்தம் என்பது அன்றைக்கே தெரிந்தது. நாம் முதலில் எடுத்துக்கொண்ட 'லோன் ரேஞ்சர்' நம் ஊர்ச் சரக்கு. 1933இல் டெட்ராய்டின் டபிள்யூ.எக்ஸ்.ஒய்.இசட் வானொலியில் தொடங்கிய நாடகம் அது. நிலைய உரிமையாளர் ஜார்ஜ் டிரெண்டிலுக்காக ஃபிரான் ஸ்டிரைக்கர் எழுதினார். முகமூடி போட்ட நாயகன் தனியாகக் குதிரையில் போகிறான். வானொலியில் அவன் என்ன நினைக்கிறான் என்று கேட்பவருக்கு எப்படித் தெரியும்? பேச ஓர் ஆள் தேவைப்பட்டது. அதற்காக வந்தவன்தான் டான்டோ என்ற பூர்வகுடித் தோழன். வானொலியில் அந்தக் குரலைக் கொடுத்தவர் ஜான் டாட் என்ற வெள்ளைக்கார மேடை நடிகர்.

ஏப்ரலில் பனி விட்டதும் 14 பேர் நான்கு கார்களில் வுட்வர்டு அவென்யூவுக்குப் போய், அந்த நிலையம் அந்தக் காலத்தில் இயங்கிய மக்கபீஸ் கட்டடத்தைப் பார்த்து வந்தோம். வெளியே நின்று பார்த்ததுதான். ஆனாலும் தேங்காய் ஓட்டைத் தட்டிக் குதிரைக் குளம்பொலி எழுப்பிய காலத்தைப் பற்றி நம் தலைவர் அந்த நடைபாதையில் நின்று சொன்ன அரை மணி நேரம், என்னைப் பொறுத்தவரை இந்த ஆண்டின் மிக நல்ல பொழுது.

தொலைக்காட்சித் தொடர் 1949இல் ஏபிசி அலைவரிசையில் தொடங்கி 1957 வரை 221 பகுதிகள் ஓடியது. இதைத் திரையிடலாமா என்பதில் நமக்குள் கருத்து வேறுபாடு இருந்ததைப் பதிவு செய்ய வேண்டும். டான்டோ உடைந்த ஆங்கிலம் பேசுகிறான். வெள்ளைக்காரன் அனுப்பும் ஊருக்குப் போகிறான், அடி வாங்குகிறான், திரும்பி வந்து சேதி சொல்கிறான். ஸ்பானிய மொழியில் அந்தப் பெயருக்கே முட்டாள் என்று பொருள். ஸ்பானிய மொழிமாற்றத்தில் டோரோ என்று பெயரை மாற்ற வேண்டியிருந்தது. பேரப்பிள்ளைகளோடு உட்கார்ந்து இதைப் பார்க்க முடியாது என்று மூன்று உறுப்பினர்கள் எழுதிக் கொடுத்தார்கள். அவர்கள் சொன்னதில் நியாயம் இருந்தது. கடைசியில், திரையிடுவோம், ஆனால் நடிகரைப் பற்றி முதலில் பேசிவிட்டுத் திரையிடுவோம் என்று முடிவானது.

அந்த நடிகர் ஜே சில்வர்ஹீல்ஸ். நம் ஊரிலிருந்து எல்லை தாண்டி ஒரு காலைப் பயணத்தில் போய்ச் சேரக்கூடிய, கனடாவின் ஒன்டாரியோவில் உள்ள சிக்ஸ் நேஷன்ஸ் என்ற பூர்வகுடி நிலத்தில் 1912இல் பிறந்த மோஹாக் இனத்தவர். முதலில் பெயரெடுத்தது லக்ரோஸ் விளையாட்டில். டான்டோவாக ஒரு வெள்ளைக்காரருக்குச் சாயம் பூசாமல் பூர்வகுடி நடிகர் ஒருவரையே போட்டது அந்தக் காலத்துக்குப் பெரிய விஷயம். 1952இல் நாயகனாக நடித்த கிளேட்டன் மூருக்குப் பதில் ஜான் ஹார்ட் வந்தார், பிறகு மூரே திரும்பினார். நாயகன் மாறினான், டான்டோ மாறவில்லை. திரையைப் பார்க்கும்போது அவர் வாய்க்கு வந்த வசனம் எவ்வளவு குறைவு, அவர் கண்ணும் நிற்கும் விதமும் எவ்வளவு சொல்கின்றன என்பதைக் கவனித்தோம். 1960களில் லாஸ் ஏஞ்சலஸில் பூர்வகுடி நடிகர்களுக்காக ஒரு பயிற்சிப் பட்டறையைத் தொடங்கினார். தனக்குக் கிடைத்த குறுகலான இடத்தைத் தன் பின்னால் வருபவர்களுக்கு அகலமாக்கப் பார்த்தவர் அவர். 1979இல் ஹாலிவுட் நடைபாதையில் அவர் பெயருக்கு நட்சத்திரம் பதித்தார்கள், 1980இல் மறைந்தார். அன்று எதிர்ப்புக் கடிதம் கொடுத்த மூவரில் ஒருவர்தான் அடுத்த மாதம் இன்னொரு பகுதி போடச் சொல்லிக் கேட்டார்.

ஜூனில் 'கன்ஸ்மோக்'. 1955 முதல் 1975 வரை 635 பகுதிகள் ஓடிய கௌபாய் காலத் தொடர் இது. இங்கே எனக்கு ஒரு வருத்தம் உண்டு, சொல்லிவிடுகிறேன். ஊர்க் காவல் அதிகாரியான மார்ஷல் மேட் டில்லனாக நடித்த ஜேம்ஸ் ஆர்னெஸ் ஆறடி ஏழு அங்குலம். அவருக்கு உதவியாளன் செஸ்டராக வந்த டென்னிஸ் வீவர் 1948 ஒலிம்பிக் தேர்வுப் போட்டியில் டெக்கத்லான் என்ற பத்து விளையாட்டுப் போட்டியில் கலந்துகொண்டவர். இரண்டு திடகாத்திரமான ஆட்கள் பக்கத்தில் பக்கத்தில் நின்றால், சண்டைக்கு இரண்டாமவன் ஏன் போகவில்லை என்று பார்ப்பவர் கேட்பார்கள். பாங்கனுக்கு ஏதாவது ஒரு குறை இருக்க வேண்டும் என்றார் தயாரிப்பாளர். வீவர் விறைத்த காலைத் தேர்ந்தெடுத்தார். ஒன்பது வருடம் ஒரு முழங்காலை மடக்காமல் நடந்தார், குதிரை ஏறினார், காப்பி போட்டார். மூட்டு அறுவை செய்துகொண்ட நம் உறுப்பினர் ஒருவர் எழுந்து, ஒரு காலை மடக்காமல் கீழே குனிந்து காட்டினார். அது எவ்வளவு கஷ்டம் என்று அப்போதுதான் புரிந்தது. நாயகன் உயரமாகத் தெரிய வேண்டும் என்பதற்காக ஒரு விளையாட்டு வீரன் நொண்டினான். 1959இல் அவருக்குத் தொலைக்காட்சிக்கான எம்மி விருது கிடைத்தது, 1964இல் தொடரை விட்டார்.

இதற்கு நேர் எதிரானது ஜூலையில் பார்த்த 'ஆண்டி கிரிஃபித் ஷோ'. இங்கே குனிந்தது நாயகன். ஒரு சின்ன ஊரின் காவல் அதிகாரியான ஷெரீஃபாக ஆண்டி கிரிஃபித் வரும் முன்னோட்டப் பகுதியைப் பார்த்த டான் நாட்ஸ், அவருக்கு ஃபோன் செய்து, ஷெரீஃபுக்கு ஒரு உதவியாளன் வேண்டாமா என்று கேட்டார். அப்படித்தான் பார்னி ஃபைஃப் பிறந்தான். சிரிக்க வைப்பது தன் வேலை என்று நினைத்துத் தொடங்கிய கிரிஃபித், இரண்டாவது பகுதி எடுக்கும்போதே, சிரிப்பு நாட்ஸிடம் இருக்கட்டும், நான் பக்கத்தில் நின்று எடுத்துக் கொடுக்கிறேன் என்று இறங்கிக்கொண்டார். தொடருக்குப் பெயர் அவருடையது. ஆனால் பார்னி வேடத்துக்காக நாட்ஸ் 5 எம்மி வாங்கினார், அந்தத் தொடருக்காகக் கிரிஃபித் ஒன்றுகூட வாங்கவில்லை. சட்டைப் பையில் ஒரே ஒரு தோட்டாவை வைத்துக்கொண்டு, அதைத் துப்பாக்கியில் போட ஆண்டியிடம் அனுமதி வாங்கும் பார்னியைப் பார்த்துப் பேரப்பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். எனக்கோ கண் கிரிஃபித் மேலேயே இருந்தது. பார்னியின் மானம் போகாமல் அவர் தோட்டாவை நீட்டும் அந்த மெதுவான கை! தொடரை 5 ஆண்டுகளோடு நிறுத்தப்போவதாகக் கிரிஃபித் சொல்லியிருந்ததால் நாட்ஸ் 1965இல் சினிமாவுக்குப் போனார். தொடரோ 1968 வரை நடந்தது. நாட்ஸ் போன பிறகான ஒரு பகுதியையும் போட்டுப் பார்த்தோம். வண்ணம் வந்திருந்தது, உயிர் போயிருந்தது.

இந்த ஆண்டு நம் மூத்த உறுப்பினர் ஒருவரை இழந்தோம். கழிவுநீர்ப் பொறியாளராக வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். தொலைக்காட்சியில் என் துறைக்காரன் ஒரே ஒருத்தன்தான் என்று 'ஹனிமூனர்ஸ்' தொடரின் எட் நார்ட்டனைச் சொல்வார். பாதாளச் சாக்கடையில் வேலை செய்யும் நார்ட்டனாக ஆர்ட் கார்னி, மாடியிலிருந்து இறங்கி வந்து, பஸ் ஓட்டுநர் ரால்ஃபின் பொறுமையைத் தீர்க்கும் அந்த 39 பகுதிகள் 1955-56இல் வந்தவை. செப்டம்பர்க் கூட்டத்தை அவர் நினைவாகவே நடத்தினோம். அவருக்குப் பிடித்த கோல்ஃப் காட்சியைப் போட்டோம். புத்தகம் பார்த்து ரால்ஃபுக்குக் கோல்ஃப் கற்றுத் தருகிறான் நார்ட்டன். முதலில் பந்தை 'அட்ரஸ்' செய்ய வேண்டும் என்று புத்தகத்தில் இருக்கிறது. பந்துக்கு முன்னால் சரியாக நிற்பது என்பது ஆட்டக்காரர்களுக்கு அதன் பொருள். விளித்துப் பேசுவது என்பது நார்ட்டனுக்கு. கையைச் சுழற்றி, தோளை அசைத்து, பந்தைக் குனிந்து பார்த்து, "ஹலோ, பந்தே!" என்கிறான். மறைந்த உறுப்பினரின் மனைவி முன்வரிசையில் இருந்தார். அவர் சிரித்த பிறகுதான் நாங்களும் சிரித்தோம். அந்தக் குடும்பத்தாருக்கு வட்டத்தின் ஆழ்ந்த இரங்கல்.

அக்டோபரில் 'கிரீன் ஹார்னெட்'. இதுவும் அதே டெட்ராய்ட் நிலையத்தில் 1936இல் பிறந்த நாடகம். கதைப்படி இந்த நாயகன் லோன் ரேஞ்சரின் அண்ணன் மகனுக்கு மகன். 1966-67இல் வந்த தொலைக்காட்சி வடிவத்தின் 26 பகுதிகளில் காரோட்டி கேட்டோவாக வந்தவர் புரூஸ் லீ. அமெரிக்காவில் அவர் இரண்டாம் ஆள். ஹாங்காங்கில் அதே தொடருக்குக் 'கேட்டோ ஷோ' என்றே பெயர். ஒரே காட்சி, ஒரே சண்டை. எங்கே உட்கார்ந்து பார்க்கிறோம் என்பதைப் பொறுத்துத் தலைவன் யார், பாங்கன் யார் என்பது மாறிவிடுகிறது. 'பேட்மேன்' தொடருக்கு விருந்தாளியாகப் போனபோது பேட்மேனின் பாங்கன் ராபினோடு கேட்டோ மோதிய சண்டை சமனில் முடிந்தது. அதைப் பார்த்த நம் இளைய உறுப்பினர்கள் அதைச் சமன் என்று ஏற்கவே இல்லை.

நவம்பரில் இரண்டு தொடர்கள். 'ஐ லவ் லூசி'யில் லூசியின் தோழி எத்தெலாக வந்த விவியன் வான்ஸ், 1954இல் எம்மி வாங்கியவர். தன்னைவிட 22 வயது மூத்த வில்லியம் ஃபிராலிக்கு மனைவியாக நடிப்பதில் அவருக்கு விருப்பமே இல்லை, இருவருக்கும் ஆகாது என்பது ஊரறிந்தது. திரையில் அது தெரிகிறதா என்று தேடினோம், தெரியவில்லை. 'ஸ்டார் டிரெக்' விண்வெளித் தொடரின் வேற்றுக்கிரகத்து ஸ்பாக்கைப் பாங்கன் என்று சொல்லலாமா என்ற விவாதம் நேரம் முடிந்தும் நீண்டதால் நூலகக் காவலர் விளக்கை அணைத்துச் சைகை காட்டினார். ஸ்பாக்கின் கூர்மையான காதுகளைப் பார்த்து, தொடரை ஒளிபரப்பிய என்பிசி தயங்கியது, விளம்பர ஏட்டில் அவற்றை மழுங்கடித்து அச்சிட்டது என்பதையும், விரல்களைப் பிரித்துக் காட்டும் வணக்கத்தை ஸ்பாக்காக நடித்த லெனார்ட் நிமோய் தன் சிறுவயதில் யூதத் தொழுகைக் கூடத்தில் பார்த்த ஆசியிலிருந்து எடுத்தார் என்பதையும் மட்டும் குறிப்பில் ஏற்றியிருக்கிறேன். 80களில் தூர்தர்ஷனில் ஸ்பாக்கைப் பார்த்து வளர்ந்த இரண்டு உறுப்பினர்கள் அந்த வணக்கத்தோடுதான் இப்போதும் கூட்டத்துக்குள் வருகிறார்கள்.

கணக்கு. சந்தாவும் நன்கொடையும் சேர்த்து வரவு 840 டாலர். வட்டுகள், அறைக் கட்டணம், சுண்டல், காப்பி எல்லாம் சேர்த்துச் செலவு 715 டாலர். மீதம் 125. ஆகஸ்டில் வாடகைக்கு எடுத்த படம் காட்டும் கருவி பாதியிலேயே நின்றுபோனதால் அந்தக் கூட்டம் நடக்கவில்லை. கொடுத்த நிறுவனம் முன்பணத்தை இன்னும் திருப்பவில்லை. அந்த 60 டாலர் செலவில் சேர்ந்திருக்கிறது. இனி சொந்தக் கருவி வாங்குவது நல்லது என்பது செயற்குழுவின் கருத்து.

அடுத்த ஆண்டுக்குத் தோழிகளை எடுத்துக்கொள்ளலாம் என்று துணைத்தலைவர் அம்மா முன்மொழிந்திருக்கிறார்: 'பெரி மேசன்' தொடரின் டெல்லா ஸ்ட்ரீட், 'கெட் ஸ்மார்ட்' தொடரின் 99 என்ற உளவாளி, மேரி டைலர் மூரின் தோழியாக வந்து 1974இல் தனித் தொடருக்கே நாயகியான ரோடா. சில்வர்ஹீல்ஸ் பிறந்த சிக்ஸ் நேஷன்ஸுக்கு ஒரு நாள் பயணமும் திட்டத்தில் உண்டு. ஊரிலிருந்து வந்து தங்கியிருக்கும் பெற்றோருக்குக் கனடா விசா தேவைப்படும் என்பதால், வர விரும்புவோர் மார்ச் மாதத்துக்குள் என்னிடம் பெயர் கொடுக்கவும்.

மாதாமாதம் நாற்காலி போட்ட தம்பிகளுக்கும், அறையைத் தந்த நூலகத்துக்கும், சுண்டல் முறை தவறாமல் பார்த்துக்கொண்ட வீடுகளுக்கும் நன்றி. ஜனவரிக் கூட்டம் இரண்டாம் சனிக்கிழமை மாலை 3 மணிக்கு. முதல் தொடர் 'பெரி மேசன்'. சுண்டல் முறை பொருளாளர் வீட்டுக்கு. இந்த அறிக்கையைப் பொதுக்குழு ஏற்க வேண்டுமெனக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
செயலாளர்