ஃபோர்மன்: தோற்ற ஒரு சண்டையும் மற்ற எண்பதும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அமெரிக்கக் குத்துச்சண்டை வீரர் ஜார்ஜ் ஃபோர்மன் 2025 மார்ச் 21 அன்று 76 வயதில் காலமானார். உங்கள் விளையாட்டுப் பக்கத்தில் அவருக்குக் கிடைத்த இடம் ஓர் உள்ளங்கை அளவு. அதில் எனக்கு வருத்தமில்லை, மறுநாள் ஐ.பி.எல். தொடக்கம். ஆனால் 'அலியிடம் தோற்றவர்' என்று தலைப்பு வைத்து, கிரில் அடுப்பு விற்றுக் கோடீஸ்வரர் ஆனதோடு செய்தியை முடித்துவிட்டீர்கள். அந்த மனிதர் தொழில்முறையில் போட்டது 81 சண்டை. ஜெயித்தது 76, அதில் 68 நாக் அவுட். தோற்ற ஐந்தில் ஒன்றை மட்டும் எடுத்து நெற்றியில் ஒட்டியது நியாயமா?

நான் ராயபுரத்தில் ஒரு மொட்டை மாடியில், மணல் அடைத்த கோணிப்பையில் குத்திப் பழகியவன். அமெச்சூர் மட்டத்தில் 23 சண்டை, ஒன்பது தோல்வி. மூக்கு இரண்டு தடவை உடைந்தது. இப்போது காலையில் பத்துப் பன்னிரண்டு பையன்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். எங்கள் ஏரியாவில் முகமது அலி என்றால் குலசாமி மாதிரி. 1980இல் அவர் சென்னைக்கு வந்து நேரு ஸ்டேடியத்தில் ஜிம்மி எல்லிஸோடு காட்சிச் சண்டை போட்டார், எம்.ஜி.ஆர். முதல்வராக இருந்த காலம். அந்தக் கூட்டத்தில் நானும் இருந்தேன். எனவே அலியைக் குறைத்துப் பேச இந்தக் கடிதம் எழுதவில்லை.

சொல்லப்போனால் அலியின் பெருமையே ஃபோர்மனை வைத்துத்தான். 1971இல் அலியைத் தோற்கடித்தவர் ஜோ ஃப்ரேசியர். 1973இல் அலியின் தாடையை உடைத்தவர் கென் நார்டன். ஃப்ரேசியரை அதே 1973 ஜனவரியில் ஜமைக்காவின் கிங்ஸ்டனில் ஃபோர்மன் ஆறு தடவை கீழே தள்ளினார், சண்டை இரண்டு ரவுண்டுகூட முழுசாகப் போகவில்லை. நார்டனுக்கும் 1974இல் கராகஸில் அதே இரண்டு ரவுண்டுதான். அந்த ஆண்டு அக்டோபர் 30ஆம் தேதி ஜயரின் (இன்றைய காங்கோ) கின்ஷாசாவில் அலியோடு மோத ரிங்குக்குள் ஏறியபோது ஃபோர்மனின் கணக்கு 40 சண்டைக்கு 40 வெற்றி, அதில் 37 நாக் அவுட். 32 வயது அலி அப்படிப்பட்டவரைச் சாய்த்ததால்தானே உலகம் இன்னும் அதைப் பேசுகிறது?

அந்தச் சண்டையில் நடந்ததைக் கோச் கண்ணோடு சொல்கிறேன். அலி கயிற்றில் சாய்ந்துகொண்டார். ஃபோர்மன் ஒவ்வொரு குத்தையும் அதுவே கடைசிக் குத்து என்கிற மாதிரி வீசினார். அதில் பாதி கையிலும் தோளிலும்தான் விழுந்தது. ஐந்தாவது ரவுண்டு முடியும்போது அவர் கை பஞ்சாகிவிட்டது, எட்டாவதில் விழுந்தார். பலம் குறைந்து தோற்கவில்லை. மூச்சைச் சேமிக்கத் தெரியாமல் தோற்றார். அதுவரை எதிரில் நின்றவர்கள் யாரும் அதைக் கற்றுக்கொள்ளும் அவசியத்தை அவருக்குக் கொடுக்கவில்லை. அப்புறம் கொஞ்ச காலம் கயிறு தளர்வாக இருந்தது, தண்ணீரில் மருந்து கலந்துவிட்டார்கள் என்றெல்லாம் புலம்பினார். அதையும் சொல்லித்தான் ஆக வேண்டும், இளம் வயது ஃபோர்மன் விரும்பத்தக்க ஆளாக இல்லை. முறைப்பும் மௌனமும்தான்.

1977இல் போர்ட்டோ ரிக்கோவில் ஜிம்மி யங்கிடம் புள்ளிக் கணக்கில் தோற்றார். அன்றிரவு உடை மாற்றும் அறையில் கடவுளை உணர்ந்ததாகச் சொல்லி, சண்டையை விட்டு ஹூஸ்டனில் போதகரானார். பத்து வருடம் கையுறை மாட்டவில்லை. ஏழைப் பிள்ளைகளுக்காக ஓர் இளைஞர் மையம் நடத்தினார், அதற்குப் பணம் வேண்டும் என்றுதான் 1987இல் திரும்பி வந்தார். அப்போது வயது 38, எடை ஏறக்குறைய 120 கிலோ. எல்லோரும் சிரித்தார்கள். அவரும் கூடச் சேர்ந்து சிரித்தார், சாப்பாட்டைப் பற்றித் தன்னையே கிண்டல் செய்துகொண்டார். முறைத்துக்கொண்டே திரிந்த அதே ஆள்தான் இது.

உங்கள் செய்தியில் ஒரு வரிகூட இல்லாதது, திரும்பி வந்த பிறகு அவர் சண்டை போட்ட பத்து வருடம்தான். எனக்கோ அவர் என்றால் இந்தப் பத்து வருடம்தான்.

திரும்பி வந்தவர் வேறு சண்டைக்காரர். இரண்டு கையையும் முகத்துக்கு முன் குறுக்கே வைத்துக் காக்கும் பழைய பாணி. பழைய சாம்பியன் ஆர்ச்சி மூர் அப்படித்தான் நிற்பார், அவர் ஃபோர்மனின் மூலையில், அதாவது பயிற்சியாளர் குழுவில், இருந்தவர். ஃபோர்மன் ஓடமாட்டார், துரத்தவும் மாட்டார். அவசரமில்லாத, கனமான இடது கை ஜாப், அதாவது கையை நேராக நீட்டிக் குத்துவது. 1991இல் அப்போதைய உலக சாம்பியன் ஹோலிஃபீல்டுடன் 12 ரவுண்டு தாக்குப்பிடித்தார், 42 வயதில், இடைவேளைகளில் ஸ்டூலில் உட்காராமல் நின்றபடியே. புள்ளியில் தோற்றார், ஆனால் அதற்குப் பிறகு யாரும் சிரிக்கவில்லை.

1994 நவம்பர் 5, லாஸ் வேகஸ். எதிரில் உலக சாம்பியன் மைக்கேல் மூரர், 26 வயது. கின்ஷாசா சண்டை நடந்தபோது அவருக்கு ஏழு வயதுகூட ஆகியிருக்கவில்லை. ஃபோர்மன் அங்கே போட்டிருந்த அதே சிவப்பு டிரவுசரைப் போட்டு வந்தார். மூலையில் நின்றவர் ஏஞ்சலோ டண்டி, கின்ஷாசாவில் அலியின் மூலையில் நின்ற அதே டண்டி! துபாயிலிருந்து வந்த என் மைத்துனர் கொண்டுவந்த வீடியோ கேசட்டில் இதைப் பார்த்தேன். நாடா தேய்கிற வரைக்கும் பார்த்தேன்.

இப்போது பையன்களுக்குப் போனில் போட்டுக் காட்டுகிறேன். எல்லோரும் பத்தாவது ரவுண்டுக்கு ஓட்டப் பார்ப்பார்கள். விடமாட்டேன். ஒன்பது ரவுண்டும் உட்கார்ந்து பார்க்கச் சொல்வேன். மூரர் இடது கைக்காரர், வேகமானவர், ஃபோர்மன் அடி வாங்கிக்கொண்டே இருப்பார். மூன்று நடுவர்களின் அட்டையிலும் பின்தங்கியிருந்தார். "ஏன் மாஸ்டர் சும்மா அடி வாங்குறாரு?" என்று ஒரு பையன் கேட்டான். சும்மா இல்லடா, காலைப் பார் என்றேன். ஒவ்வொரு ரவுண்டிலும் மூரர் அவருக்கு நேர் எதிரில் கொஞ்சம் கூடுதல் நேரம் நின்றார். நகரு, நகரு என்பதுதான் அவருடைய கோச் டெடி அட்லஸ் சொன்னது. இடது கைக்காரனுக்கு மருந்து நேர் வலது கை. பத்தாவதில் ஒரு ஜாப், ஒரு வலது. சின்னக் குத்துதான், தோளிலிருந்து நீட்டியது அவ்வளவுதான். மூரர் மல்லாந்துவிட்டார். ஃபோர்மன் மூலைக்குப் போய் மண்டியிட்டார். 45 வயதில் ஹெவிவெயிட் உலகப் பட்டம். அந்த வயதுச் சாதனை இன்னும் யாராலும் முறியடிக்கப்படவில்லை.

குறையும் உண்டு. திரும்பி வந்த முதல் சில ஆண்டுகளில் எதிரிகளைப் பார்த்துத்தான் பொறுக்கினார்கள். 1995இல் ஜெர்மன்காரர் ஆக்செல் ஷுல்ஸோடு புள்ளியில் ஜெயித்ததாக அறிவித்தது என் கணக்கில் தவறு, ஷுல்ஸ்தான் ஜெயித்தார். மறுசண்டைக்கு மறுத்து அந்தப் பட்டத்தையும் இழந்தார். 1997இல் ஷானன் பிரிக்ஸுடனான கடைசிச் சண்டையில் கணக்கு நேராகிவிட்டது: ஃபோர்மன் ஜெயித்த சண்டையைப் பிரிக்ஸுக்குக் கொடுத்தார்கள்.

அதே 1997இல், கின்ஷாசா சண்டையைப் பற்றிய ஆவணப்படத்துக்கு ஆஸ்கர் கிடைத்தது. பார்க்கின்சன் நோயால் கை நடுங்கிக்கொண்டிருந்த அலியைக் கைத்தாங்கலாக மேடையேற்றியது யார் தெரியுமா? உங்கள் தலைப்பில் வந்த, அந்த 'அலியிடம் தோற்றவர்'.

கடைசியாக ஒன்று. செய்தியோடு ஒரு படம் போட்டு, 'கின்ஷாசாவில் ஃபோர்மன், அலி' என்று எழுதியிருக்கிறீர்கள். தரையில் கிடப்பவர் ஜோ ஃப்ரேசியர், இடம் கிங்ஸ்டன். அலியை ஃபோர்மன் ஒரு தடவைகூடக் கீழே தள்ளியதில்லை. நாளைய இதழில் திருத்தம் போடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு பழைய குத்துச்சண்டைக்காரன்,
ராயபுரம், சென்னை.